படியேறும் பருவம்

நாட்டின் பல மாநிலங்களில் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கின்றன. புதிய புத்தகப் பை, வளரும் உடம்புக்குச் சற்றுப் பெரியதாகத் தைத்த சீருடை, அட்டை போட்டுப் பெயரெழுதிய நோட்டுகள் ஆகியவற்றுடன் கோடிக்கணக்கான பிள்ளைகள் அடுத்த வகுப்பில் அடியெடுத்து வைக்கிறார்கள். இவர்களுள் பெரும்பாலோருக்கு மாறுவது வகுப்பு மட்டுமே. பள்ளி அதே பள்ளி. தோழர்கள் அதே தோழர்கள். ஆனால் ஒரு பகுதியினர் கல்வியின் ஒரு நிலையை விட்டு மற்றொரு நிலைக்கே செல்கிறார்கள். அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்பு, ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டிலிருந்து கல்லூரி எனப் பள்ளிப் பருவத்தில் இத்தகைய வாசற்படிகள் ஐந்து உள்ளன.

ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாக வகுப்பையும் மதிப்பெண்ணையும் பற்றியே பேசுகிறோம். வாசற்படியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆயினும் கற்றல் தடுமாறுவதும், சிலருக்கு அறவே நின்றுபோவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்த இடத்தில் என்ன நிகழ்கிறது, அதைக் கடக்கப் பெற்றோரும் மற்றோரும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்கள் சொல்லும் செய்தி

மத்தியக் கல்வி அமைச்சகம் நாட்டிலுள்ள பள்ளிகளிடமிருந்து ஆண்டுதோறும் திரட்டி வெளியிடும் தகவல் தொகுப்பின்படி, 2021–22ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி நிலையில் இடைநிற்றல் 1.5 விழுக்காடு. நடுநிலைக் கல்வியில் அது 3 விழுக்காடு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளைக் கொண்ட உயர்நிலைக் கல்வியிலோ 12.6 விழுக்காடு. படிப்படியாகக் கூடும் எண்களாக இவை இல்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் நான்கு மடங்குக்கு மேல் பாய்கின்றன.

‘அசர்’ என்ற பெயரில் அறியப்படும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வு, 2023ஆம் ஆண்டில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரைச் சந்தித்தது. 14 வயதினரில் எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேராதோர் 3.9 விழுக்காட்டினர் மட்டுமே. 18 வயதினரில் இது 32.6 விழுக்காடு. இடைப்பட்ட நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் கல்விக் கூடத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. இந்த வயதினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரால் தம் வட்டார மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க இயலவில்லை.

இவ்விரு தகவல்களையும் சேர்த்துப் பார்க்கையில் இழப்பு இரு வகையானது என்பது விளங்கும். சில பிள்ளைகள் வாசலைத் தாண்டுவதே இல்லை. வேறு சிலர் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய கற்றல் அவர்களோடு வருவதில்லை. முன்னது பள்ளி வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். பின்னது பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும்.

திறமை குறைவதில்லை, சூழல் மாறுகிறது

ஏப்ரலில் நன்றாகப் படித்த பிள்ளை ஆகஸ்டில் திணறினால், ‘இவனுக்குக் கவனம் போதவில்லை’ என்றோ ‘இவளுக்கு மேற்படிப்பு ஒத்துவராது’ என்றோ முடிவு செய்வது எளிது. ஒரு கோடை விடுமுறையில் எவருடைய அறிவும் சுருங்கிவிடாது. அவர்களைச் சுற்றியுள்ளவை எல்லாம் ஒரே சமயத்தில் மாறியிருக்கின்றன என்பதே உண்மை.

உலகெங்கும் காணப்படும் நிலைமை இது. இங்கிலாந்தில் மாரிஸ் கால்டன், ஜான் கிரே, ஜீன் ரட்டக் ஆகியோர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, பள்ளி மாறியதை அடுத்த ஆண்டில் ஐந்தில் இரு மாணவர்கள் வரை எதிர்பார்த்த முன்னேற்றத்தை அடைவதில்லை என்று தெரிவித்தது. அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடைய சகாக்களும் 1993ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் அளித்தனர். வளரிளம் பருவத்தில் பிள்ளைகள் சற்றுச் சுதந்திரத்தை நாடுகிறார்கள். பெற்றோருக்கு அப்பால் நம்பத்தக்க ஒரு பெரியவரின் அணுக்கமும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சரியாக அதே வயதில் அவர்கள் சென்று சேரும் பெரிய பள்ளியில் கட்டுப்பாடு மிகுகிறது. ஆசிரியருடனான நெருக்கம் குறைகிறது. மற்றவரோடு ஒப்பிடும் போக்கு வளர்கிறது. வயதுக்குத் தேவையானதும் பள்ளி தருவதும் எதிரெதிர்த் திசையில் செல்வதால் ஆர்வம் தளர்கிறது என்பது அவர்கள் கருத்து.

ஆகவே, நிலை மாறும் முதலாண்டின் மதிப்பெண்ணைப் பிள்ளையின் திறமைக்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், வாசலைக் கடப்பதில் உள்ள சிரமத்தின் அறிகுறியாகக் கொள்வதே பொருத்தம். எந்த வாசலில் என்ன சிரமம் என்பது தெரிந்தால் உதவியும் எளிதாகும்.

முதல் வாசல்: வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது முதல் அங்கன்வாடி நம் கிராமங்களின் ஓர் அங்கமாகிவிட்டது. அங்கே பாட்டும் விளையாட்டும் சத்துணவும் இருந்தன. ஒன்றாம் வகுப்பில் வரிசையும் பாடவேளையும் எழுத்தும் வந்துவிடுகின்றன. இந்த மாற்றத்தை மென்மையாக்கவே 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 3 வயது முதல் 8 வயது வரையுள்ள ஐந்து ஆண்டுகளை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டது. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கென மூன்று மாத விளையாட்டு வழி ஆயத்தப் பயிற்சியாகிய ‘வித்யா பிரவேஷ்’ 2021ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமாயிற்று.

எனினும் நாட்டின் பல பகுதிகளில் முதல் வாசலில் நிற்கும் பெரிய தடை மொழியே. ஒடிசாவின் மலைப்பகுதிகளில் சவரா, குயி, கோயா, ஜுவாங், சந்தாலி போன்ற மொழிகளைப் பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தை, பள்ளியில் முதல் நாளே ஒடியா மொழியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியர் கேட்பது புரியாத குழந்தைக்குப் பதில் தெரிந்திருந்தும் பயனில்லை. இதனை உணர்ந்த அம்மாநில அரசு, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே பழங்குடி மொழிகள் பத்தில் பாடநூல்களை உருவாக்கிப் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தாய்மொழியில் வாசிக்கவும் எழுதவும் தொடங்கும் குழந்தை, ஒடியாவுக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் படிப்படியாகச் செல்கிறது. ஒரே நாளில் தாண்ட வேண்டியிருந்த உயரத்தைச் சில ஆண்டுகளுக்குரிய சிறு படிகளாகப் பகுத்ததே இத்திட்டத்தின் அடிப்படை. இந்தக் கருத்து மற்ற எல்லா வாசல்களுக்கும் பொருந்தும்.

ஆறாம் வகுப்பு: ஓர் ஆசிரியரிடமிருந்து பலரிடம்

ஐந்தாம் வகுப்பு வரை பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான் பெரும்பாலான பாடங்களை நடத்துகிறார். எந்தப் பிள்ளை காலை உணவு உண்ணாமல் வந்திருக்கிறது, எதற்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இந்த மாற்றம் தெரிகிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஆசிரியர் வேண்டும் என்று அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஓராண்டில் நடத்த வேண்டிய கற்பித்தல் நேரம் ஐந்தாம் வகுப்பு வரை 800 மணி; ஆறாம் வகுப்பு முதல் 1,000 மணி. அதே கோடையில் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடம் அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் பிரிகிறது.

பாடவாரியான ஆசிரியர்கள் வருவது நன்மையே. ஆனால் பிள்ளையை முழுமையாக அறிந்த ஒருவர் என்ற இடம் வெறுமையாகிவிடுகிறது. கணித ஆசிரியருக்கு அவளுடைய கணக்குத் தெரியும். மொழி ஆசிரியருக்கு அவளுடைய கட்டுரை தெரியும். அவளைத் தெரிந்தவர் யார்? பின்தங்கிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் எவர் கண்ணிலும் படாமல் போகிறார்கள். பின்னங்களில் தெளிவில்லாத மாணவர் ஆறாம் வகுப்பில் விகிதத்தில் தடுமாறுவார். ஏழில் இயற்கணிதச் சமன்பாட்டில் தடுமாறுவார். குறை ஒன்றுதான், அதன் பெயர் மட்டும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும். பழைய பள்ளியின் ஆசிரியர் எழுதித் தரும் அரைப் பக்கக் குறிப்பொன்று புதிய வகுப்பாசிரியரின் கைக்குச் சென்றால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்

ஐந்து வாசல்களிலும் கடினமானது இதுவே. அதற்குக் காரணம் பாடத்தின் சுமை மட்டுமன்று. கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும்வரை, கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த 2010ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருத்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு இத்தகைய உறுதி இச்சட்டத்தில் இல்லை. மறுபுறம், 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. 14 முதல் 18 வரையுள்ளோருக்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. ஆக, கல்வி உரிமை முடியும் வயதும் கூலி வேலைக்குக் கதவு திறக்கும் வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. வறுமையில் வாடும் குடும்பத்தில் அந்த ஆண்டு ஒரு கேள்வி எழாமலிருப்பது அரிது.

பெண் குழந்தைகளுக்குத் தொலைவு மற்றொரு தடை. அதனை அகற்றிய முயற்சிகளுள் பீகாரின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. 2006ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பொருளாதார அறிஞர்களான கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதன் விளைவை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவியரை மாணவரோடும், பீகாரை அதன் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டு அவர்கள் கணக்கிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்திருந்தது; ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய மாணவியரின் எண்ணிக்கை 18 விழுக்காடும், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை 12 விழுக்காடும் கூடின.

இந்த முன்னேற்றம் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து தொலைவில் இருந்த ஊர்களிலேயே நிகழ்ந்தது என்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். அப்பெண்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணம் முற்றிலும் தவறாகியிருக்கும். அவர்களுக்கும் படிப்புக்கும் நடுவில் இருந்தவை சில கிலோமீட்டர் சாலையும், அதில் தனியே நடப்பதைப் பற்றிய அச்சமும்தான். சீருடையணிந்து கூட்டமாக மிதிவண்டியில் சென்ற மாணவியருக்கு நேரமும் மிச்சமாயிற்று; பாதுகாப்பும் கிடைத்தது. விலையில்லா மிதிவண்டியை நன்கறிந்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது வியப்பளிக்காது.

கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயங்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெண்களுக்கான இந்த உறைவிடப் பள்ளிகள் 2004ஆம் ஆண்டில் தொடங்கியபோது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே உரியனவாக இருந்தன. எட்டாம் வகுப்பு முடிந்ததும் விடுதியும் முடிந்தது. 2018ஆம் ஆண்டில் சமக்ர சிக்ஷா திட்டம் வந்தபின் இவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்த வழி பிறந்தது. நல்ல பள்ளி இருந்தால் மட்டும் போதாது. அது தவறான இடத்தில் முடிந்துவிடாமலும் இருத்தல் வேண்டும்.

இதே வாசலுக்கென ஒரு நிதியுதவியும் உண்டு. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் திட்டம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். தேர்வு பெறுவோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் புதிய உதவித்தொகைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். நம் இல்லங்களில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கும், நம் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் உழைப்போரின் பிள்ளைகளுக்கும் இச்செய்தியைக் கொண்டுசேர்ப்பது நாம் செய்யக்கூடிய சிறிய, ஆனால் பயனுள்ள உதவியாகும்.

பதினொன்றும் கல்லூரியும்

பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர் பதினொன்றாம் வகுப்பின் முதல் தேர்வில் பாதி மதிப்பெண்ணுடன் வீடு திரும்புவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கும். இதற்குப் பாடத்திட்டத்திலேயே ஒரு காரணம் உள்ளது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூல், இயக்கத்தைப் பற்றிய தொடக்கப் பாடங்களிலேயே வகைக்கெழுவைப் பயன்படுத்துகிறது. கணித நூலில் எல்லைகளும் வகைக்கெழுக்களும் வருவதோ பிற்பகுதியில். ஜூலையில் ஒரு வகுப்பில் தேவைப்படும் கருவி, மற்றொரு வகுப்பில் பல மாதங்கள் கழித்தே கைக்குக் கிடைக்கிறது. இதனை அறிந்த பெற்றோர், பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையிலேயே நுண்கணிதத்தின் தொடக்கத்தை மட்டும் அறிமுகப்படுத்தினால் பிள்ளையின் தன்னம்பிக்கை காக்கப்படும்.

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வாசல் சில வேளைகளில் முன்கூட்டியே வந்துவிடுவதையும் கவனித்தல் வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அடிப்படை, தரநிலை என இரு தேர்வுகளை நடத்துகிறது. எளிது என்பதற்காக அடிப்படைத் தேர்வைத் தெரிவு செய்யும் முன், பதினொன்றாம் வகுப்பில் கணிதம் படிக்க அது இடையூறாகுமா என்று பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நலம். பதினான்கு வயதில் எடுக்கும் முடிவு பதினாறு வயதின் கதவொன்றைச் சாத்திவிடக் கூடாது.

கல்லூரி வாசலில் மீண்டும் மொழி வந்து நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் தாய்மொழியில் படித்த மாணவர், பேராசிரியர் ஆங்கிலத்தில் ஐம்பது நிமிடம் பேசுவதைக் குறிப்பெடுக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த அறிவியலே தெரியாததுபோல் தோன்றும். முதல் பருவத் தேர்வில் பாடங்களை நிலுவையில் வைப்போரில் பலருக்குப் பொருள் புரியாததைவிடச் சொல் புரியாததே சிக்கலாக இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் மூன்று வாரப் புகுமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்திருப்பதும், பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் ‘தீக்ஷாரம்ப்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டதும் இந்தச் சிரமத்தை உணர்ந்தே. 2021–22ஆம் கல்வியாண்டு முதல் சில பொறியியல் கல்லூரிகளில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் பாடம் நடத்தவும் அனுமதி வழங்கப்பட்டது.

வெளியேறியவர்க்கும் ஒரு வாசல்

வாசற்படியில் நின்றுவிட்டவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பதிவு செய்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்போருக்கு இது பெரும் வசதி.

உயர்கல்வியில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான கல்விப் புள்ளிகளின் வங்கி, நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஏற்பாடு. நாம் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்துவதைப் போல, மாணவர் தேர்ச்சி பெற்ற பாடங்களுக்குரிய புள்ளிகள் அவருடைய கணக்கில் சேர்கின்றன. குடும்பச் சூழலால் படிப்பை இடையில் நிறுத்தினாலும் அவை அழிவதில்லை; குறித்த கால வரம்புக்குள் திரும்பி வந்து, தேவையானால் வேறொரு கல்வி நிறுவனத்திலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

இவ்வளவு பெரிய அமைப்புகளின் நடுவே ஒரு குடும்பம் என்ன செய்ய இயலும் என்ற எண்ணம் தோன்றலாம். செய்யத்தக்கவை பல, பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை.

முதலாவதாக, புதிய பள்ளியையோ கல்லூரியையோ திறப்பு நாளுக்கு முன்பே ஒருமுறை பிள்ளையுடன் சென்று பார்த்து வருவோம். பேருந்து எங்கே நிற்கும், குடிநீரும் கழிப்பறையும் எங்கே உள்ளன என்பன போன்ற சிறிய அச்சங்கள் தீர்ந்தாலே முதல் வாரத்தில் மனம் பாடத்தில் நிற்கும்.

இரண்டாவதாக, முதல் பருவத்தில் மதிப்பெண்ணைக் காட்டிலும் மூன்று கேள்விகளுக்கான விடையைக் கவனிப்போம். வகுப்பில் பேசுவதற்கு ஒரு நண்பராவது கிடைத்தாரா? ஐயம் கேட்கக்கூடிய ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? எந்தப் பாடத்தில் சொற்களே புரியவில்லை? முதலிரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்துவிட்டால் மதிப்பெண் தானாகத் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக, விடுமுறையை முழுவதும் புதிய பாடத்துக்கே செலவிடாமல், பழைய நிலையில் விடுபட்ட ஒன்றிரண்டைச் சரிசெய்யப் பயன்படுத்துவோம். ஆறுக்குச் செல்லும் பிள்ளைக்குப் பின்னமும் சரளமான வாசிப்பும், ஒன்பதுக்குச் செல்லும் பிள்ளைக்கு எளிய இயற்கணிதமும், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்குத் தன் பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களும் போதுமான தயாரிப்பாகும்.

நான்காவதாக, சான்றிதழ்களை முன்கூட்டியே திரட்டி வைப்போம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. வேலை மாற்றலால் ஊர் மாறும் பெற்றோர் இதனை நினைவில் கொள்ளலாம். உயர் வகுப்புகளுக்கு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஆகியவை ஒழுங்காக இல்லாமையால் கைக்கு வரவேண்டிய உதவித்தொகை தவறிப்போவதுண்டு.

பணத்துக்கும் படிகள் உண்டு

கல்விச் செலவு ஆண்டுதோறும் சீராக ஏறுவதில்லை. இந்த வாசல்களில்தான் பாய்ந்து ஏறுகிறது. சேர்க்கைக் கட்டணம், சீருடை, பயணம், விடுதி முன்பணம் ஆகியவை சேர்ந்து ஒரே மாதத்தில் வந்து நிற்கும். ஆகவே சேமிப்பின் முதிர்வு நாளையும் அந்த மாதத்துக்கே பொருத்தி அமைப்பது நல்லது. பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போது மாதம் 1,500 ரூபாய் வீதம் மூன்றாண்டுத் தொடர்வைப்பு ஒன்றைத் தொடங்கினால், ஒன்பதாம் வகுப்பு வாசலில் 54,000 ரூபாய் அசலும் அதற்கான வட்டியும் கையிலிருக்கும்.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தொடங்கத்தக்க செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், அவள் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற பின்போ 18 வயது நிறைந்த பின்போ, உயர்கல்விக்காக முந்தைய நிதியாண்டின் இறுதியில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரி வாசலை மனத்திற்கொண்டே இவ்விதி அமைந்திருக்கிறது. கல்விக் கடனைப் பொறுத்தவரை, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் திருப்பிச் செலுத்துதலுக்கு விடுப்பு உண்டு; 7.5 லட்சம் ரூபாய் வரை பிணையச் சொத்து தேவையில்லை. விடுப்புக் காலத்திலும் வட்டி கணக்கிடப்படும் என்பதால், இயன்றவர்கள் அவ்வட்டியை அவ்வப்போது செலுத்திவந்தால் பின்னாளில் மாதத் தவணை குறையும். வேலை என்னும் அடுத்த வாசலைக் கடக்கும் இளைஞருக்குச் சுமை குறைவது பெரிய ஆறுதல்.

பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டிலேயே வழிசெய்தது. 18 வயது நிறைந்ததும் புதிய மாதிரிக் கையொப்பமும் அடையாள ஆவணங்களும் அளித்துக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகையும் கல்லூரிச் சேர்க்கையும் எதிர்ப்படும் ஆண்டும் அதுவே என்பதால் இதனைப் பிறந்தநாள் வந்தவுடனேயே முடித்துவிடுதல் நலம்.

ஒரு பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்கிறது. அவற்றுள் நிலை மாறும் ஆண்டுகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் உடனிருந்து கற்பிக்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. எல்லோருக்கும் அதற்கான படிப்போ நேரமோ இருப்பதில்லை. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில், அவற்றின் முதல் சில மாதங்களில் மட்டுமாவது, சற்று நெருக்கமாக நின்று கைகொடுக்க எவராலும் இயலும். வரும் ஜூனில் நம் வீட்டிலோ நமக்குத் தெரிந்த வீட்டிலோ ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளிலோ கல்லூரியிலோ காலடி வைக்கும் பிள்ளை யார் என்று இப்போதே கேட்டு வைப்போம்.